கூடி ஆடுங் களரி
(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமூகத் தொண்டில் இளைஞர் பங்கு என்னும் பொருள் பற்றிச் சில சொற் கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். இதே பொருள் பற்றி இதே மேடையிலே முன்னரும் பலர் பேசியுள்ளனர். சிரமதானம், இரத்ததானம், வறிய மாணவர்க்கான இலவச வகுப்பு ஆகியவற்றின் சிறப்பெல்லாம் நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தவை. ஆதலின் அவற்றை நாம் இன்று தொடப்போவதில்லை. தொண்டு என்றதும் எவர் நினைவுக்கும் வராத ஒன்றை எடுத்துக்கொண்டோம். அது ஆட்டம். ஒருவர் தனித்து மேடையேறி ஆட, மற்றையோர் கதிரையிலிருந்து கைதட்டும் ஆட்டத்தை நாம் கருதவில்லை. பலர் கூடிப் பழகி, பலர் கூடி ஆடி, அவ்வாறு கூடியதனாலேயே ஊரிலே ஒரு மாற்றத்தைக் கொணரும் ஆட்டத்தையே கருதுகின்றோம்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகள் கூத்தாடவா கற்றுக்கொண்டு வந்தார்கள் என்று முன்வரிசையிலே சிலர் முகஞ் சுழிப்பது தெரிகின்றது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றோம். தில்லையிலே ஆடுகின்ற பெருமானை வழிபடும் நாம் ஆட்டம் என்ற சொல்லைக் கேட்டு முகஞ் சுழிப்பது பொருந்துமா? மிசன் பாடசாலையிற் படித்த எமக்கு விவிலியக் கதையொன்றும் இங்கே நினைவுக்கு வருகின்றது. உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளிலே தாவீது அரசன் தன் நிலையை மறந்து தெருவிலே சனங்கள் நடுவே ஆடினான். பலகணி வழியே பார்த்த அவன் மனைவி மீகாள் தன் உள்ளத்திலே அவனை இகழ்ந்தாள். அரசன் ஆடியதைக் காட்டிலும், வேலைக்காரப் பெண்கள் காண அவன் ஆடியதே அவளுக்குப் பெருங்குறையாகப் பட்டது. இத்தகைய மீகாள்கள் எல்லாச் சமயத்திலும் உளர்.

முதலிலே ஒரு தூரதேசத்துச் செய்தியைக் கூறிவிட்டு ஊருக்குத் திரும்புவோம். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிலே 1973ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 11ஆந் திகதி இராணுவத் தளபதி பினோசே தலைமையிற் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டபின் என்ன ஆனார்கள் என்பதே தெரியாமற் போயிற்று. தேடிச் சென்ற மனைவியர்க்கும் தாய்மார்க்கும், அப்படி ஒருவர் எம்மிடம் இல்லை என்ற விடையே கிடைத்தது.

அந்நாட்டிலே குவெக்கா என்றொரு நடனம் உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கையிலே கைக்குட்டையை வீசிக்கொண்டு, ஒருவரையொருவர் நெருங்கியும் விலகியும் வட்டமிட்டு ஆடுவது அது. பெருநாளிலும் கொண்டாட்டத்திலும் எல்லாரும் ஆடுவர். 1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி, அனைத்துலகப் பெண்கள் நாளன்று, தலைநகராகிய சந்தியாகோவிலே கௌப்பொலிகான் அரங்கிலே காணாமற்போனோரின் குடும்பப் பெண்கள் இந்நடனத்தை ஆடினர். பாட்டு இருந்தது, கித்தார் இருந்தது, கைக்குட்டை இருந்தது, ஆண் மாத்திரம் இல்லை. நெஞ்சிலே காணாமற்போனவரின் படத்தைக் குத்திக்கொண்டு பெண் தனியே ஆடினாள். அவன் நிற்கவேண்டிய இடத்தை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். அவ்வெற்றிடத்தைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தனிக் குவெக்கா என்று அதற்குப் பெயர். பெயர்தான் தனி, பாட்டைக் கட்டியவரும், பாடியவரும், கித்தார் மீட்டியவரும், ஆடியவரும் அந்தக் குடும்பங்களின் பெண்களே. அடுத்த ஆண்டு, 1979இலே, அதே இராணுவ ஆட்சி குவெக்காவை நாட்டின் தேசிய நடனமாகப் பிரகடனஞ் செய்தது. நாட்டின் தேசிய நடனத்தை ஆடுகின்றவளை நாட்டுப்பற்று இல்லாதவள் என்று எப்படிச் சொல்வது? 1988ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பினோசே நீடிப்பதா இல்லையா என்ற வாக்கெடுப்பு நடந்தபோது, 'இல்லை' என்ற பக்கத்தார் தொலைக்காட்சியிலே இந்நடனத்தையும் காட்டினர். அவ்வாக்கெடுப்பிலே பினோசே தோற்றார். நடனத்தாற்றான் தோற்றார் என்று நாம் கூறவரவில்லை. பத்து ஆண்டுகளாக மறக்கவிடாமல் வைத்திருந்தவற்றுள் அதுவும் ஒன்று.

இச்செய்தி எமக்கு அந்நியமானதன்று. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி முதலாகக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் ஆடவில்லை, அமர்ந்திருந்தார்கள். ஆயினும் நெஞ்சிலே படத்தை ஏந்துதல் என்ற அந்தச் செயல் இரண்டு சமுத்திரங்களுக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் காண்க.

சிலி நாட்டுப் பெண்கள் எமக்கு ஒரு கேள்வியைத் தந்துவிட்டார்கள். ஆட்டத்திலே யார் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே அது. அக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எமது கூத்துக் களரிக்கு வருவோம்.

எமது ஊர்களிலே கூத்து எவ்வாறு உருவாகின்றது என்பதை இளையவர்களுட் சிலர் அறியார். பட்டணத்திலே நாடகமொன்று போடுவதுபோல நான்கு கிழமை ஒத்திகையோடு முடிகின்ற காரியமன்று அது. மட்டக்களப்புப் பகுதியிலே இம்முறை இன்றும் உண்டு. அறுவடை முடிந்து கையிலே சற்று ஓய்வு கிடைக்கும் காலத்திலே ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்தைப் பழகுவது, எந்த அண்ணாவியாரை அழைப்பது என்று தீர்மானிப்பர். நல்ல நாளிலே கோயிலிற் பூசை செய்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று சட்டங் கொடுப்பர். சட்டம் என்பது அவரவர் பாடி ஆடவேண்டிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு. அதன்பின் இரவிரவாகப் பழக்கம் நடைபெறும். பகலெல்லாம் வயலிலே நின்றவன் இரவிலே தருமனாகவும் வீமனாகவும் மாறுவான். ஆட்டந் தேறியபின் சதங்கை அணிவிப்பர். பின்னர் முழுக்கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதன் பின்னரே அரங்கேற்றம். இதற்கிடையே மாதங்கள் பல கழிந்துவிடும்.

களரியோ வட்டக் களரி. மண்ணைக் கூட்டி உயர்த்திய வட்டம், சுற்றிவரச் சனம். நடுவிலே மத்தளத்தோடு அண்ணாவியார். பக்கத்திலே சல்லரி போடுபவரும் பிற்பாட்டுக்காரரும். ஆடுபவன் எத்திசைக்கும் முகங் கொடுத்து ஆடவேண்டும். முன்னிருக்கை பின்னிருக்கை என்ற பேதம் வட்டத்திலே இல்லை. கட்டியகாரன் வந்து அரசன் வரவு சொல்ல, பந்தம் பிடித்த காலத்திலே தொடங்கி, பெற்றோமக்ஸ் விளக்குக் காலத்தையும் கடந்து, இன்று மின்குமிழ் வெளிச்சத்திலும் அதே வரவு நடக்கின்றது. ஒருவன் பாடினால் அதைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். பார்த்திருக்கும் கிழவியும் முணுமுணுப்பாள், ஏனெனில் பழக்க காலத்திலேயே அவளுக்கும் பாட்டு மனப்பாடமாகிவிட்டது. அரங்கேற்றத்தன்று ஊரிலே பாதிப் பேருக்குக் கூத்துத் தெரியும். அரங்கேற்றத்துக்கு வரும் சனத்திலும் பார்க்க, அதற்கு முந்திய மாதங்களிலே இரவிரவாக ஓரிடத்திற் கூடிய சனமே எமது பேச்சுக்கு முக்கியம். சண்டை பிடித்த இரண்டு குடும்பத்தார் ஒரே கூத்திலே அருச்சுனனும் கண்ணனுமாக ஆட நேர்ந்தால் எத்தனை நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது?

தென்மோடிக் கூத்தைக் கத்தோலிக்கச் சகோதரர்கள் எத்துணைப் போற்றி வளர்த்தார்கள் என்பது யாழ்ப்பாணக் கரையோரத்திலும் மன்னாரிலும் வாழ்வோர்க்குத் தெரிந்ததே. அதனை விரிக்க நேரமில்லை.

இத்துணைச் சிறப்புடைய களரியிலே யார் இல்லை? முதலாவது பெண். சீதையும் திரௌபதியும் சுபத்திரையும் களரிக்கு வந்தார்கள். ஆனால் ஆண் வேடம் புனைந்த பெண்களாக அன்று, பெண் வேடம் புனைந்த ஆண்களாக. தாய்மார் சோறு சமைத்தார்கள், விடிய விடிய விழித்திருந்து பார்த்தார்கள், ஆடவில்லை. இரண்டாவது, ஒடுக்கப்பட்ட எமது சகோதரர். அவர்களுக்கு ஆட்டந் தெரியாது என்று எவருங் கூறமுடியாது. மட்டக்களப்பிலே பறைமேளக் கூத்து என்று அவர்களுக்கே உரிய கலையொன்று உண்டு. அதன் தாளக்கட்டைக் கேட்ட எவரும் மறவார். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் காத்தவராயன் கூத்தை அவர்களும் ஆடுவர், மற்றையோரும் ஆடுவர். ஆனால் வேறு வேறு களரியிலே, வேறு வேறு இரவிலே. ஊர் கூடி ஆடுவது என்று நாம் பெருமையாகக் கூறுகின்றோமே, அந்த ஊர் என்பது எவ்வளவு என்று அளந்து பார்த்தால் ஒரு குறிச்சியோடு நின்றுவிடுகின்றது.

இவ்விடத்திலே திருநாளைப்போவாரை நினைக்காமற் கடந்துசெல்ல எமக்கு மனம் வரவில்லை. பெரியபுராணம் படித்த பெரியோர் பலர் இங்கே இருக்கின்றீர்கள். ஆதனூரிலே பிறந்த நந்தனார் செய்த திருத்தொண்டு யாது? சிவன் கோயில்களிலுள்ள பேரிகை முதலிய வாத்தியங்களுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்ததே அத்தொண்டு. அதாவது, உள்ளே ஒலித்த முழவெல்லாம் வெளியே நின்றவர் கொடுத்த தோல். அவர் அங்ஙனங் கொடுத்துவிட்டுக் கோயில் வாயிலின் புறத்தே நின்று, அன்பு மேலிட ஆடியும் பாடியும் வழிபட்டார் என்று சேக்கிழார் பெருமான் சொல்லுகின்றார். திருப்புன்கூரிலே அவர் காணும்படி நந்தியை விலகச் செய்தவர் இறைவர். நந்தி விலகிற்று, வாயிலிலே நின்ற மனிதர் விலகியதாகப் புராணத்திலே இல்லை. குருபூசை தவறாமற் செய்கின்ற எமது சங்கம் இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதைத் தாழ்மையோடு சுட்டுகின்றோம்.

ஆட்டத்தைக் குறைத்து மதித்தமைக்கு வேறு காரணங்களும் உள. நாவலர் பெருமான் கோயிலிலே பொதுமகளிர் நடனத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அக்காலத்து நிலைமையிலே அக்கண்டனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. பின்வந்தோரோ அந்நியாயத்தை விட்டுவிட்டு, ஆட்டம் என்றாலே இழிவு என்ற எண்ணத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டனர். இன்னொரு பக்கம் ஆங்கிலப் படிப்பு வந்தது. சேக்ஸ்பியரை மேடையேற்றுவது நாகரிகம், கூத்தாடுவது பட்டிக்காடு என்றாயிற்று. கூத்தாடி என்பது வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது.

அவ்வசையைத் துடைக்க முன்வந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1956ஆம் ஆண்டு பேராதனையிலே பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' என்னுஞ் சிங்கள நாடகத்தை ஆக்கினார். நாடகம் எனப்படும் சிங்களக் கிராமிய ஆட்டமரபே அதற்கு அடிப்படை. அம்மரபோ தமிழ்க் கூத்திலிருந்து சென்றது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. எமது வீட்டு விதையிலே அயல்வீட்டார் தோட்டம் போட, நாம் விதையைக் கோணிச் சாக்கிலே கட்டி வைத்திருந்தோம். வித்தியானந்தன் அவர்கள் கிராமத்து அண்ணாவிமாரின் துணையோடு பல்கலைக்கழக மாணவரைக் கூத்துப் பழக்கினார். 1962இலே கர்ணன் போர், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று வரிசையாக மேடையேறின. விடிய விடிய ஆடும் கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. சைவராகிய அப்பேராசிரியரே மன்னார்க் கத்தோலிக்கரின் என்றீக்கு எம்பரதோர் நாடகத்தையும் 1964இலே பதிப்பித்து வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டக் களரியைப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுபோனதனாற் கூத்தின் உயிர் குறைந்தது என்போரும் உளர். அதிலும் உண்மை உண்டு. ஆனால் உத்தியோகம் பார்க்கப் போகும் பிள்ளை கூத்தாடலாம் என்ற துணிவு அதன்மூலமே வந்தது.

ஆட்டம் மீண்டது, ஆயினும் களரியிலே யார் இல்லை என்ற கேள்விக்கு அது விடையாகவில்லை. கர்ணனும் இராவணனும் மேடையேறிய அதே ஆண்டுகளிலே, யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒரு பகுதியாருக்குப் பேணி மறுக்கப்பட்டு, போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் வார்க்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்து நிறைவேறியிருந்தது. சட்டம் கொழும்பிலே இருந்தது, சிரட்டை இங்கே இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் குண்டாந்தடிகள் அதனைச் சந்தித்தன. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபட வந்தோர் தடுக்கப்பட்டு, நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். எமது பாட்டனார் காலத்துக் கதையென்று இதை ஒதுக்கிவிட முடியாது. அன்று வாயிலுக்கு உள்ளே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே விரிவுரை மண்டபத்திலே எம்மோடு இருக்கின்றார்கள்.

இப்போராட்டத்திலிருந்தே 'கந்தன் கருணை' பிறந்தது. எழுத்தாளர் என். கே. ரகுநாதன் எழுதிய அந்நாடகத்தை அம்பலத்தாடிகள் என்ற குழுவினர் இளைய பத்மநாதன் முயற்சியாற் கூத்துருவாக்கி, ஊரூராக ஆடினர். கோயிற் கதவு தமக்கு அடைக்கப்பட்ட அடியார்களின் பக்கம் முருகனே வந்து நிற்பதுதான் கதை. நாத்திகம் பேசும் நாடகமென்று அக்காலத்திலே சிலர் சொன்னார்களாம். முருகனை நம்பாதவன் முருகனைத் துணைக்கு அழைப்பானா? எமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. பார்த்த பெரியவர்களிடம் கேட்டிருக்கின்றோம். வேல் ஏந்திய கந்தன், காவடிக்காரனுக்கு ஒப்பாகத் துள்ளி ஆடிவரும்போது சனம் எழுந்து நின்றதாக அவர்களுள் ஒருவர் சொன்னார். தெரிந்த ஆட்டம், தெரிந்த மெட்டு, தெரிந்த கடவுள். அவை மூன்றும் கூடிச் சொன்ன செய்திதான் புதியது. மேடைப் பேச்சிலே அதைச் சொன்னால் எதிர்த்துக் கல்லெறிகின்றவனும், கூத்திலே சொல்லும்போது முடிவு பார்க்கலாமென்று நின்றுவிடுவான்.

அக்காலத்திலேயே, பேராதனையிலே இராவணனாக ஆடிய மௌனகுரு வடமோடி ஆட்டத்தை எடுத்து 'சங்காரம்' என்ற நாடகத்தை ஆக்கி 1969இலே மேடையேற்றினார். அசுரனை வதைக்கும் கதைதான். அசுரர் மாத்திரம் மாறிவிட்டனர். சாதியும் இனபேதமும் வர்க்கபேதமும் அரக்கராய் வேடங்கட்டி வந்தன. சூரன் போர் பார்த்து வளர்ந்த சனத்துக்கு அதனை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கதவைத் திறந்தது கூத்தா? வெயிலிலே இருந்த சனமும், அடிபட்ட உடம்பும், நீதிமன்றத்து வழக்கும் அல்லவோ என்று கேட்கலாம். உண்மைதான். கூத்துப் பார்த்துவிட்டுக் கண்கலங்கி வீட்டுக்குப் போய், மறுநாட் காலையிலே வழக்கம்போலத் தனிப் பேணி எடுத்து வைத்தவர்களும் இருந்திருப்பர். பார்ப்பவன் மனம் ஓரிரவிலே மாறும் என்று நாம் அதிகம் நம்பவில்லை. எமது நம்பிக்கை பார்ப்பவன்மேலன்று, ஆடுபவன்மேல். மூன்று மாதம் இரவிரவாக ஒருவனோடு தோளுக்குத் தோள் நின்று அடி பழகியவனால், அவன் தாளத்துக்குத் தான் கால் வைத்தவனால், நாலாம் மாதம் அவனை வாசலிலே நிறுத்திப் பேசுவது கடினம். அவன் தவறவிட்ட அடியை இவனும், இவன் மறந்த வரியை அவனும் தாங்கிக்கொண்டவர்கள். களரியிலே ஒருவன் விழுந்தால் வட்டம் முழுவதும் குலையும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடுகின்றது. இதை எந்தச் சொற்பொழிவாலும், இச்சொற்பொழிவாலுந்தான், கற்பிக்க முடியாது.

இவ்வழியிலே எம்முன் ஒரு முன்மாதிரி உண்டு. மட்டக்களப்புச் சீலாமுனையிலே கலாநிதி சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே கூத்து மீளுருவாக்கம் என்ற முயற்சியை மேற்கொண்டனர். கூத்தைக் கிராமத்திலிருந்து எடுத்துச் செல்லாமல், கிராமத்திலேயே, வட்டக் களரியிலேயே, அவ்வூர்க் கூத்தரோடும் அண்ணாவியாரோடும் கூடியிருந்து பேசினர். இந்தப் பாட்டிலே பெண்ணை இழிவாகச் சொல்கின்றதே, இதை இப்படியே பாடலாமா? இந்த வசனத்திலே சாதிப்பேச்சு வருகின்றதே, எங்கள் பிள்ளைகள் இதை மனப்பாடஞ் செய்ய வேண்டுமா? இவ்வாறு வினாவி, விவாதித்து, ஊராரே மாற்றினர். பெண்களும் களரிக்கு வந்தனர். வெளியிலிருந்து ஒருவர் வந்து திருத்திக் கொடுத்திருந்தால் அது அவர் போனதும் போயிருக்கும். அண்ணாவியாரோடு வாதாடி மாற்றிய பாட்டு அண்ணாவியார் வாயிலேயே நிலைக்கின்றது. எமக்கு இதிலே மிகவும் பிடித்தது அந்த வாதாட்டமே.

இனி எமது ஊருக்கு வருவோம். இவ்வாண்டு அம்மன் பொங்கலையொட்டி எமது சங்கம் கலைநிகழ்ச்சி நடத்தவேண்டும். வழக்கப்படி பேச்சுப் போட்டி, பண்ணிசை, நடனப் பள்ளிப் பிள்ளைகளின் பரதம். பரதத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. எமது தங்கையரும் பழகுகின்றார்கள். ஆயினும் ஓர் அரங்கேற்றத்துக்கு ஆகும் செலவு எத்தனை குடும்பத்தாராலே முடியும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதற்குப் பதிலாகவன்று, அதனோடுகூட, இவ்வாண்டு காத்தவராயன் கூத்தை ஆடலாம் என்பது இளைஞர் சிலரின் விண்ணப்பம். துள்ளி ஆடும் எளிய ஆட்டம், எவரும் பழகலாம். மாரியம்மனுக்கு உகந்த கூத்து. கதையோ, பிறப்பைக் காரணங் காட்டி ஆரியமாலையை மறுத்து, காத்தவராயனைக் கழுமரம் வரை கொண்டுசென்ற கதை. வேறு எந்தப் புதுக்கதையையும் நாம் இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

மூன்று குறிச்சிப் பிள்ளைகளும் ஒரே களரியிலே ஆடவேண்டும், ஆரியமாலையைப் பெண்பிள்ளையே ஆடவேண்டும் என்று கேட்கின்றோம். இதற்கு வாய்விட்டு எதிர்ப்புச் சொல்வார் இங்கே இல்லை என்று அறிவோம். காலம் மாறிவிட்டது, இப்போது யார் தம்பி இதெல்லாம் பார்க்கின்றார்கள் என்றே சொல்வீர்கள். அப்படியாயின் நல்லது. பழக்கத்தின் இடைவேளையிலே தேநீர் எந்த வீட்டிலிருந்து வரும், எந்தப் பேணியிலே வரும், அது எல்லார் கைக்கும் மாறிமாறிப் போகுமா என்பதிலே அது தெரிந்துவிடும். கூத்து எப்படி அமைந்தது என்று பிறகு விமரிசனம் எழுதுவோர் எழுதட்டும். எமது கண் தேநீர்த் தட்டின்மேலேயே இருக்கும்.

அண்ணாவியாரையும் பார்த்துப் பேசிவிட்டோம். கோயிலுக்கு மேற்கேயுள்ள குறிச்சியிலே அவர் இருக்கின்றார். எழுபது வயது கடந்தவர். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் இக்கோயிற் கொடியேற்றத்துக்கு வெளி வீதிக்கு அப்பால் நின்று பறை முழக்கியவர்கள். உடுக்கை எடுத்து ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார்; அந்தக் குரலை நாம் மறக்கவில்லை. சன்மானம் பற்றி ஒரு சொல்லுங் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பியவை, பழக்கம் துவங்கிற பூசை அம்மன்ரை வாசலிலை எண்டால் நான் உடுக்கோடை வாறன். ஒழுங்கையிலை எண்டால் இந்தக் கிழவனை விட்டிடுங்கோ" என்றார்.

வாசல் என்று அவர் சொன்னது எந்த இடத்தை என்று இங்குள்ள எல்லாருக்குந் தெரியும். கொடிமரத்துக்கு முன்னாலே, மணிக்கோபுரத்துக்கு உட்பக்கத்திலே. சட்டப்படி அவர் அங்கே வருவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேண்டுமானால் நாளைக்கே வரலாம். அவர் கேட்பது அதுவன்று. அழைத்து வரவேண்டும் என்று கேட்கின்றார். அழைக்க வேண்டியவர்கள் கோயிற் பரிபாலன சபையாரும் இச்சங்கத்தாருமே.

அதற்குரிய பிரேரணையை இளைஞர் பகுதி எழுதிச் செயலாளரிடம் கையளித்துள்ளது. இன்றைய நிகழ்ச்சிநிரலிலே அது ஏழாவது விடயம். தைப்பூசத்துக்குப் பின்வரும் முதல் வெள்ளிக்கிழமையைப் பூசைக்குக் குறித்திருக்கின்றோம். அதற்கு முன் அண்ணாவியார் வீட்டுக்குப் போய் விடை சொல்ல வேண்டும். இரண்டு பேர் போனாற் போதாது, தலைவரும் கூட வரவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.